ரப்பாச்சினியின் மகள்: மருத்துவம் ஒருவருடையது, விலை இன்னொருத்தியுடையது

குணமாக்கும் சக்தி உண்டு, ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. இந்தக் கருவை வைத்து எழுதப்படும் காத்திக் காதல் நாவல்களுக்கு, அதாவது இருளும் மர்மமும் திகிலும் கலந்த காதல் கதைகளுக்கு, இப்போது நல்ல வரவேற்பு. பாழடைந்த மாளிகை, பூட்டிய தோட்டம், தொட்டால் காயத்தை ஆற்றிவிடும் நாயகி, ஒவ்வொரு முறை தொடும்போதும் அவளுடைய ஆயுளில் கொஞ்சம் கரைந்துபோகும். அவள் தெரிந்தேதான் கொடுக்கிறாள், படிக்கிற நாமும் உருகிப்போகிறோம். நானும் இந்த வகையை ஆசையாகப் படிக்கிற ஆள்தான். ஆனால் இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்த கதை எது என்று கேட்டால் புதிய நாவல் எதையும் சொல்ல மாட்டேன். 1844 டிசம்பரில் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் வெளியாகி, 1846இல் 'மாசஸ் ஃப்ரம் அன் ஓல்ட் மான்ஸ்' என்ற தொகுப்பில் சேர்ந்த, அமெரிக்க எழுத்தாளர் நத்தானியல் ஹாத்தோர்னின் 'ரப்பாச்சினியின் மகள்' என்ற சிறுகதைதான் அது. காரணம் ஒன்றே ஒன்று. இந்தக் கதையில் விலையை நிர்ணயிப்பது ஒருவர், அதைக் கொடுப்பது வேறொருத்தி, அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவே இல்லை.

முடிவையும் சேர்த்துத்தான் பேசப் போகிறேன். கதை வந்து 180 வருடங்கள் ஆகிவிட்டன என்றாலும், முடிவு தெரியாமல் படிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் கதையைப் படித்துவிட்டு வாருங்கள், நீளமில்லை, ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம்.

ஜியோவானி என்ற இளைஞன் இத்தாலியின் தென்பகுதியிலிருந்து பாதுவா நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வருகிறான். கையில் காசு குறைவு, அதனால் ஒரு பழைய மாளிகையில் இருண்ட அறை ஒன்றை வாடகைக்கு எடுக்கிறான். அந்த அறையின் ஜன்னலுக்குக் கீழே ஒரு தோட்டம். தோட்டத்தின் சொந்தக்காரர் டாக்டர் ரப்பாச்சினி, ஊரெல்லாம் பேசும் மருத்துவர், அங்கே வளரும் செடிகளிலிருந்து அவர் மருந்து வடிக்கிறார் என்று வீட்டுக்காரம்மா லிசபெட்டா சொல்கிறாள். அந்தத் தோட்டத்தில் அவருடைய மகள் பியாட்ரிஸ் இருக்கிறாள். இவன் மேலேயிருந்து பார்க்கிறான், அவள் கீழே நிற்கிறாள், காதல் தொடங்குகிறது. இதுவரைக்கும் நூறு கதைகளில் பார்த்ததுதான்.

ஆனால் அந்தத் தோட்டம் இருக்கிறதே, அதை ஹாத்தோர்ன் எழுதியிருக்கும் விதத்துக்காகவே இந்தக் கதையை எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கலாம். நடுவில் உடைந்து சிதறிய ஒரு பளிங்கு நீரூற்று, பழைய வடிவம் என்னவென்றே தெரியாத அளவுக்குப் பாழ், ஆனால் தண்ணீர் மட்டும் எதுவுமே நடக்காதது மாதிரி பொங்கிக்கொண்டே இருக்கிறது. அந்தக் குளத்தின் நடுவே ஒரு பளிங்குத் தொட்டியில் ஊதாப் பூக்கள் நிறைந்த ஒரு செடி. ரப்பாச்சினி முதன்முதலில் வரும் காட்சியைக் கவனித்துப் படியுங்கள். கறுப்பு அங்கி, மெலிந்த உடம்பு, வெளிறிய முகம். ஒவ்வொரு செடியையும் அக்கறையோடு உற்றுப் பார்க்கிறார், ஆனால் ஒன்றையும் தொடுவதில்லை, வாசனையை முகர்வதும் இல்லை. பாம்புகளுக்கும் துஷ்ட மிருகங்களுக்கும் நடுவில் நடக்கிறவரைப் போல நடக்கிறார். கையில் தடித்த உறை. அந்த ஊதாச் செடியிடம் வந்ததும் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்கிறார். அதுவும் போதவில்லை என்று பின்வாங்கி, குரல் கொடுத்து மகளைக் கூப்பிடுகிறார். அவள் வந்து, கையுறை இல்லாமல், முகமூடி இல்லாமல், அந்தச் செடியைச் சகோதரி என்று சொல்லிக் கட்டிக்கொள்கிறாள். பேய் இல்லை, இடி மின்னல் இல்லை, பட்டப்பகலில் ஒரு தோட்டம், ஓர் அப்பா, ஒரு மகள். படிக்கிற நமக்கு உடம்பு சில்லிட்டுப் போகிறது.

அடுத்து வரும் பல்லி. பியாட்ரிஸ் அந்தச் செடியிலிருந்து ஒரு பூவைப் பறிக்கிறாள். ஒடிந்த காம்பிலிருந்து ஒன்றிரண்டு சொட்டு ஈரம், பாதையில் ஊர்ந்து வந்த ஒரு சின்னப் பல்லியின் தலையில் விழுகிறது. அது துடித்துவிட்டு வெயிலில் அசையாமல் கிடக்கிறது. அவள் அதைப் பார்க்கிறாள், சிலுவைக் குறி போட்டுக்கொள்கிறாள், முகத்தில் வருத்தம் இருக்கிறது, வியப்பு இல்லை. அப்புறம் அதே பூவை எடுத்து நெஞ்சில் சூடிக்கொள்கிறாள். அவளுடைய முழு வாழ்க்கையும் அந்தச் சில வரிகளுக்குள் வந்துவிடுகிறது. அவளுக்கு இது பழகிப்போன ஒன்று, ஆனாலும் ஒவ்வொரு முறையும் வருந்துகிறாள். 'நாயகி நல்லவள்' என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்த ஓர் இடத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

விஷயம் இதுதான்: உலகத்திலுள்ள நோய் தீர்க்கும் குணம் எல்லாம் செடிகளின் விஷத்துக்குள்தான் அடங்கியிருக்கிறது என்பது ரப்பாச்சினியின் கொள்கை. அவருக்கு எதிரியான மருத்துவப் பேராசிரியர் பாக்லியோனிகூட, அவ்வப்போது இந்த ஆள் அபாரமாகக் குணப்படுத்திவிடுகிறார் என்பதை ஒப்புக்கொள்கிறார், ஒப்புக்கொண்ட கையோடு அது வெறும் அதிர்ஷ்டம் என்று தட்டிக்கழிக்கவும் செய்கிறார். இந்தக் கொள்கை வெறும் கற்பனை இல்லை என்பதுதான் கதைக்குப் பலம். அளவுதான் ஒரு பொருளை விஷமாக்குகிறது என்று 16ஆம் நூற்றாண்டிலேயே பாராசெல்சஸ் என்ற மருத்துவர் எழுதிவிட்டார். ஃபாக்ஸ்குளோவ் செடி ஆளைக் கொல்லக்கூடியது, ஆனால் அதே செடியைக் கொண்டு உடம்பில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு வைத்தியம் பார்த்து, 1785இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் ஒரு புத்தகமே வெளியிட்டார். அந்த வகைச் செடியிலிருந்து எடுக்கும் டிகாக்சின் இன்றைக்கும் இதய மருந்து. ஊமத்தையின் குடும்பத்துச் செடிகளில் இருக்கும் அட்ரோபின், சில வகைப் பூச்சிமருந்தைக் குடித்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களைக் காப்பாற்றப் பயன்படுகிறது. பாதுவாவில் 1545இல் மருத்துவச் செடிகளுக்கென்றே பல்கலைக்கழகத்துக்காக ஒரு தோட்டம் அமைத்தார்கள், அது இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. ஹாத்தோர்ன் கதையை அந்த ஊரில் கொண்டுபோய் வைத்தது சும்மா இல்லை.

ஆக, விஷத்தை மருந்தாக்கும் மருத்துவர் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அவரால் யாரோ சிலர் பிழைத்து எழுந்திருக்கிறார்கள். ஆனால் அந்த அறிவு எங்கே போய் முடிகிறது? தன் மகள் பிறந்த அதே நேரத்தில் அந்த ஊதாச் செடியையும் உருவாக்கி, அதன் மூச்சிலேயே அவளை வளர்த்து, யாரும் நெருங்க முடியாத ஒரு பெண்ணாக அவளை ஆக்கி வைத்திருக்கிறார். அவள் பலவீனமான பெண்ணாக, ஆபத்துக்கு ஆளாகிறவளாக இருந்துவிடக் கூடாதாம், அது அவருடைய நியாயம். கொடுமைக்காரத் தகப்பனாக இருந்திருந்தால் நமக்கு வேலை சுலபம். இவர் அவளுக்கு நல்லது செய்துவிட்டதாக உண்மையாகவே நம்புகிறார், கடைசிவரை நம்புகிறார். ஹாத்தோர்னின் முதல் மகள் பிறந்ததும் இந்தக் கதை வெளியானதும் ஒரே வருடம், 1844. தகப்பனின் அன்பைப் பற்றி இவ்வளவு பயத்தோடு அவர் எழுதியிருப்பதைப் படிக்கும்போது அது என் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

காதல் பகுதிக்கு வருகிறேன். இருவரும் தினமும் சந்திக்கிறார்கள், சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள் போலப் பேசுகிறார்கள், ஆனால் ஒருவரையொருவர் தொடுவதே இல்லை. முத்தம் இல்லை, கை கோப்பது இல்லை, காற்றில் அவளுடைய ஆடைகூட அவன் மீது பட்டதில்லை. ஒரே ஒரு தடவை, முதல் சந்திப்பில், அவன் அந்த ஊதாப் பூவைப் பறிக்கக் கை நீட்டும்போது அவள் அலறிக்கொண்டு ஓடிவந்து அவன் கையைப் பிடித்து இழுக்கிறாள். அவனைக் காப்பாற்றத்தான். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் கை எரிகிறது, புறங்கையில் நான்கு மெல்லிய விரல்களின் தடம், மணிக்கட்டில் ஒரு கட்டைவிரலின் தடம், எல்லாம் ஊதா நிறத்தில். அவன் என்ன செய்கிறான் தெரியுமா? எதுவோ கடித்துவிட்டது என்று ஒரு கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, அவளை நினைத்தபடியே வலியை மறந்துவிடுகிறான். குணமாக்கும் தொடுகைக்கு விலை உண்டு என்று எழுதும் இன்றைய நாவல்களில் இந்த அளவுக்குக் கச்சிதமான ஒரு காட்சியை நான் படித்ததில்லை. காப்பாற்றிய கையே சுட்டுவிட்டது, சுட்டது அவளுக்கும் தெரியாது, புரிந்துகொள்ள வேண்டியவனுக்கோ புரிந்துகொள்ள மனமில்லை.

நம்மவர்களுக்கு இந்தக் கதை சீக்கிரம் ஒட்டிக்கொள்ள இன்னொரு காரணமும் இருக்கிறது. பாக்லியோனி ஜியோவானியை எச்சரிக்க ஒரு பழைய கதை சொல்கிறார்: இந்திய அரசன் ஒருவன் மாவீரன் அலெக்சாந்தருக்கு ஓர் அழகியைப் பரிசாக அனுப்பினானாம், பிறந்ததிலிருந்து விஷம் ஊட்டி வளர்க்கப்பட்டவள், அவள் அணைத்தாலே மரணம். நம்முடைய விஷகன்னிதான். முத்திராராட்சசம் என்ற சமஸ்கிருத நாடகத்தில் சந்திரகுப்தனைக் கொல்ல ராட்சசன் அனுப்பிய விஷகன்னியைச் சாணக்கியர் பர்வதகன் பக்கம் திருப்பிவிடுவாரே, அதே வகை. அந்தக் கதைகளில் எல்லாம் விஷகன்னி ஓர் ஆயுதம். யாரோ அனுப்புவார்கள், யாரோ சாவார்கள், அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க ஆளிருக்காது. ஹாத்தோர்ன் அந்த ஆயுதத்துக்கு ஒரு குரல் கொடுத்தார். அதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

அவளைப் பற்றி மற்றவர்கள் என்னென்ன பேசுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். அவள் தகப்பனின் வித்தையை எல்லாம் கற்றுத் தேர்ந்தவள், பல்கலைக்கழகத்தில் தன் நாற்காலியையே பிடித்துவிடுவாள் போலிருக்கிறது என்று பாக்லியோனி பொருமுகிறார். அவளோ, பூக்களின் நிறமும் மணமும் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது, என்னைப் பற்றிய வதந்திகளை நம்பாதே என்று ஜியோவானியிடம் நேராகச் சொல்கிறாள். அவள் சொல்வது ஒரு கதை, ஊர் சொல்வது ஒரு கதை. அவன் எதை நம்பப் போகிறான் என்பதில்தான் மொத்தமும் தொங்குகிறது.

அவன் ஊரை நம்புகிறான். தன் மூச்சுப் பட்டு ஒரு சிலந்தி செத்து விழுவதைப் பார்க்கிறான், தனக்கும் விஷம் ஏறிவிட்டது என்று தெரிகிறது, நேரே போய் அவளைத் திட்டித் தீர்க்கிறான். அந்த வசவைப் படிக்கும்போது எனக்கு அவன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. இது தன் தகப்பனின் வேலை, தான் தெரிந்து செய்யவில்லை என்று அவள் மன்றாடுகிறாள். அப்போதுதான் அவன் பாக்லியோனி கொடுத்த வெள்ளிக் குப்பியை எடுக்கிறான். செல்லினி என்ற புகழ்பெற்ற இத்தாலியப் பொற்கொல்லர் கையால் செய்த வேலைப்பாடு, உள்ளே எந்த விஷத்தையும் முறிக்கும் மருந்து. இருவரும் குடித்துச் சுத்தமாகிவிடலாம் என்கிறான். அவள் அதை வாங்கிக்கொண்டு, நான் குடிக்கிறேன், நீ பொறுத்திருந்து என்ன ஆகிறதென்று பார் என்கிறாள். விஷமே உயிராக இருந்தவளுக்கு முறிப்பு மருந்துதான் மரணம். சாவதற்கு முன் தகப்பனிடம், பயப்பட வைக்கிறவளாக இருப்பதைவிட நேசிக்கப்படுகிறவளாக இருந்திருக்கலாம் என்கிற பொருளில் ஒன்று சொல்கிறாள். ஜியோவானியிடம், ஆரம்பத்திலிருந்தே என்னைவிட உன் இயல்பில்தானே அதிக விஷம் இருந்தது என்று கேட்கிறாள். அவனுக்குப் பதில் இல்லை.

யோசித்துப் பாருங்கள். தகப்பன், காதலன், பேராசிரியர் என்று மூன்று ஆண்கள், மூவரும் அவளுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். ஒருவர் விஷத்தால் காப்பாற்றுகிறார், ஒருவர் முறிப்பு மருந்தால் காப்பாற்றுகிறார், ஒருவன் அந்த மருந்தைக் கொண்டுவந்து கொடுக்கிறான். யாருக்கும் கெட்ட எண்ணம் என்று திட்டமாகச் சொல்லிவிட முடியாது, ஆனால் ஒருவர்கூடத் தன் மேல் அந்த மருந்தைப் போட்டுப் பார்க்கவில்லை. அதிலும் இந்த பாக்லியோனி, வெளியிலிருந்து பார்த்தால் எச்சரிக்கை செய்யும் நல்ல மனிதர், கடைசி வரியில் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, இதுதானா உன் பரிசோதனையின் முடிவு என்று ரப்பாச்சினியைப் பார்த்துக் கூவுகிறார், குரலில் திகிலும் இருக்கிறது, ஜெயித்துவிட்ட தொனியும் இருக்கிறது. ஒரு பெண் காலடியில் செத்துக் கிடக்கும்போது! கதையிலேயே எனக்கு மிகவும் வெறுப்பு வந்த ஆள் அவர்தான், ரப்பாச்சினி இல்லை.

மாயக் கதைகளில் விதிகள் முறையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கும் இது பிடிக்கும். முடிவு திடீரென்று வந்து விழுவதில்லை. பல்லி, அவள் மூச்சுப் பட்டு விழும் பூச்சி, அவள் கையில் வாடுகிற பூச்செண்டு, அவன் கையிலேயே வாடும் பூக்கள், சிலந்தி என்று படிப்படியாக ஏறுகிறது. அவற்றில் சிலவற்றை, அவன் அப்படிப் பார்த்ததாக நினைத்தான், அவ்வளவு தூரத்திலிருந்து தெரிந்திருக்குமா என்று ஆசிரியரே சந்தேகத்தையும் சேர்த்தே எழுதுகிறார். நம் கண்ணையே நம்ப முடியாத அந்த நிலை அருமை.

குறைகளும் இருக்கின்றன. ஆரம்பத்தில் இந்தக் கதை ஒரு பிரெஞ்சு எழுத்தாளருடையது என்று சொல்லிக்கொண்டு ஒரு முன்னுரை வரும், ஹாத்தோர்ன் தன்னைப் பற்றித்தான் மறைமுகமாக எழுதியிருக்கிறார், அதைத் தாண்டிப் போய்விடலாம், சில பதிப்புகளில் அது இருக்கவும் இருக்காது. ஏதேன் தோட்டம், ஆதாம் என்ற உருவகத்தை ஒரு தடவை சொன்னால் போதும், அவர் விடுவதாயில்லை. ஜியோவானிக்கு ஆழமான மனசு இல்லை, கற்பனைதான் வேகம் என்று கதைசொல்லியே குறுக்கே வந்து விளக்குவதும் தேவையில்லை, அவன் நடந்துகொள்வதிலேயே அது தெரிகிறது. இவை எல்லாம் சின்னக் குறைகள். பெரிய குறை, நாம் கடைசிவரைக்கும் அவன் கண்ணோடுதான் அவளைப் பார்க்கிறோம். அவன் இல்லாத நேரத்தில், இரவில், அந்தத் தோட்டத்தில் தனியாக இருக்கும்போது அவள் என்ன நினைத்தாள், தொட்டால் எதுவும் சாகும் என்று முதன்முதலில் அவளுக்கு எப்போது தெரிந்தது? இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்றைய காதல் நாவல்கள் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல், நாயகியின் மனசுக்குள்ளேயே நம்மைக் கூட்டிப் போய்விடுகின்றன.

காதல் கதை என்றால் கடைசியில் சேர வேண்டும் என்பவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன், மனசு உடைந்துவிடும். காத்திக் சூழலுக்காகப் படிப்பவர்கள், மருத்துவம் படிப்பவர்கள், மருத்துவர் சொன்னதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டு மருந்து குடித்த அனுபவம் உள்ளவர்கள், எல்லோருக்கும் தாராளமாகச் சொல்வேன். ஆங்கிலம் பழையது, வாக்கியங்கள் நீளம், முதல் சில பக்கங்களை மெதுவாகப் படித்தால் காது பழகிவிடும். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் புராஜெக்ட் குட்டன்பர்க் இணையதளத்தில் முழுத் தொகுப்பும் இலவசமாகக் கிடைக்கிறது, காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியமே இல்லை. படித்து முடித்தவர்கள் மெக்சிகோ கவிஞர் ஆக்டாவியோ பாஸ் இதை 1956இல் நாடகமாக்கியிருப்பதையும் தேடிப் பாருங்கள், ஒரு கவிஞர் கையில் அந்தத் தோட்டம் என்னவாகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

அதே தொகுப்பில் 1843இல் எழுதிய 'பிறவிக்குறி' பற்றிய கதையும் இருக்கிறது. மனைவியின் கன்னத்தில் இருக்கும் சின்னக் கை வடிவ மச்சத்தை நீக்கக் கணவன் மருந்து கொடுக்கிறான், மச்சம் மறைகிறது, உயிரும் போய்விடுகிறது. அங்கே அவள் ஆபத்து தெரிந்தே, தானாகச் சம்மதித்துக் குடிக்கிறாள். அந்தச் சம்மதம் எங்கிருந்து வந்தது, கணவன் தினமும் அந்த மச்சத்தைப் பார்த்து முகம் சுளித்ததிலிருந்தா, இல்லை அவளுக்கே தோன்றியதா என்று எனக்கு ஒரு கேள்வி. இரண்டையும் ஒரே நாளில் படிக்காதீர்கள், பியாட்ரிஸ் முதலில், ஒரு நாள் இடைவெளி விட்டு அது.